வண்டி மை

போன தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம். பசுவந்தனையில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பாவின் பழைய ஜீப்பை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு முட்டுக் கொடுத்திருந்தேன். முன் சக்கரங்களுக்குப் பிரேக் ஷூ மாற்ற வேண்டும். எங்கள் ஜீப்பில் பிரேக் டிரம்மும் ஹப்பும் சேர்ந்தே இருக்கும். டிரம்மை இழுத்தால் ஹப் வரும், ஹப் வந்தால் பேரிங் வரும். அதனால் பிரேக் வேலை என்று ஆரம்பிப்பது எப்போதும் பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பதில்தான் போய் முடியும்.

வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, நான் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டார்.

“என்ன கிரீஸ்லே வாங்கிருக்க?”

டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரம் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். திருப்பித் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் பத்து வருடத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதற்கும் பின்னால் இன்னும் நீளமான கதை ஒன்று இருக்கிறது. முதல் கதையில் குற்றவாளி நான்தான்.

*

2014 தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நாலு வருடம் படித்தது கையில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆசை. ஜீப்பில் பிரேக் அடித்தால் கரகரவென்று சத்தம் வந்தது. “மெக்கானிக் எதுக்கு, நானே பாக்கேன்” என்றேன். நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு இறங்கினேன்.

மூன்று தவறு செய்தேன். கடையில் போய் “கிரீஸ் ஒரு கிலோ” என்று கேட்டேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மஞ்சளாக வெண்ணெய் மாதிரி ஒன்று கிடைத்தது. அது சேசிஸ் நிப்பிள்களில் அடிக்கிற சுண்ணாம்பு கிரீஸ். இரண்டாவது, நிறைய வைத்தால் நல்லது என்று நினைத்து ஹப்பின் வயிறு முழுக்க அதைத் திணித்தேன். மூன்றாவது, சக்கரம் ஆடக் கூடாது என்று அச்சு முனையின் நட்டை இருந்த பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினேன். தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நன்றாகவே பிடித்தது. மறுநாள் பெங்களூர் பஸ் ஏறிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், அத்தைக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. அப்பா அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்ததும் வண்டி நேராக நிற்காமல் இடதுபக்கம் வெடுக்கென்று இழுத்தது. ரோட்டை விட்டு இறங்கி, ஒரு பனைமரத்துக்கு முழம் தூரத்தில், சேற்றில் புதைந்து நின்றது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் அத்தையை ஏற்றிக்கொண்டு போனார். அதுவரை அரை மணி நேரம் மழையில் அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அத்தை பிழைத்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஜீப்பில் ஏறவே இல்லை.

மறுநாள் மெக்கானிக் வலதுபக்க டிரம்மைக் கழற்றியிருக்கிறார். உள்ளே கிரீஸ் உருகி நெய்யாக ஓடி, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் ஷூவை நனைத்திருந்தது. வலது சக்கரம் பிடிக்கவில்லை, இடது பிடித்தது. அதனால்தான் வண்டி இடதுபக்கம் இழுத்திருக்கிறது. இதெல்லாம் எனக்கு அடுத்த முறை ஊருக்கு வந்தபோதுதான் தெரியும். அப்பா திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“எங்கய்யா இருந்திருந்தா உன்னைய வண்டிப் பக்கமே விட்டிருக்க மாட்டாரு.”

*

அப்பாவின் அய்யா, அதாவது என் தாத்தா, கட்டை வண்டிக்காரர். கரிசலில் விளைந்த பருத்தியைத் தாட்டில் அடைத்து கோவில்பட்டி ஜின்னிங் ஆலைகளுக்கு ஏற்றிக்கொண்டு போவார். வரும்போது உப்பு, பிண்ணாக்கு, மண்ணெண்ணெய்.

கட்டை வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி வட்டை. வட்டைக்கு மேல் இரும்புப் பட்டை. குடத்தின் துளைக்குள் அச்சு நுழையும். சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் கடையாணி. இதில் பால் கிடையாது, ரோலர் கிடையாது. இரும்பு அச்சின்மேல் குடத்தின் உள்பக்கம் நேராக உரசிக்கொண்டே சுற்றும். நடுவில் இருப்பது மை ஒன்றுதான்.

வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, பட்டுப்போல் நுணுக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் வண்டி மை. அதை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அப்பாவுக்கு எட்டு வயதில் அதுதான் வேலை: குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது. தாத்தா வண்டிக்கு முட்டுக் கொடுத்து, கடையாணியை உருவி, சக்கரத்தை அச்சில் பாதி தூரம் வெளியே இழுப்பார். பழைய மையைத் துணியால் சுத்தமாகத் துடைப்பார். பிறகுதான் புது மை. “துடைக்காமப் போட்டா மண்ணையும் சேத்துல்லா அரைக்கும்?” என்பாராம். ஒரு முறை அப்பாவின் பள்ளிக்கூடச் சட்டையில் மை பட்டுவிட்டது. ஆச்சி எவ்வளவு துவைத்தும் போகவில்லை. ஐந்தாம் வகுப்பு முழுக்க அந்தக் கறையோடுதான் போயிருக்கிறார்.

மண்ணை அரைக்கும் என்பதைக் கரிசலில் வண்டி ஓட்டியவர்கள் சொன்னால்தான் முழு அர்த்தம். கரிசல் மண்ணின் களித் துகள்கள் தட்டுத் தட்டாக அடுக்கியவை. தண்ணீர் பட்டால் தட்டுகளுக்கு நடுவே புகுந்து மண்ணே வீங்கும். காய்ந்தால் சுருங்கி, கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் நடந்தால் செருப்போடு இரண்டு கிலோ மண் கூட வரும். சக்கரத்திலும் அப்படித்தான் அப்பும். கோடையில் புழுதியாக அச்சுக்குள் போகும், மழையில் களியாகப் போகும். இந்த மண்ணுக்கு மை வைப்பதென்றால் பயணத்துக்குப் பயணம் திறந்து துடைத்து வைக்க வேண்டும்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது? பருத்திக் காட்டின் ஓரத்தில் ஆமணக்கு நின்றது. ஆடு மாடு அதில் வாய் வைக்காது. (இப்போதும் பருத்திக்கு ஓரப்பயிராக ஆமணக்கு போடச் சொல்கிறார்கள். புரோடீனியாப் புழுவின் தாய்ப்பூச்சி பருத்தியை விட்டுவிட்டு அதில் போய் முட்டையிடும் என்பது கணக்கு.) முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பாள் ஆச்சி. அதில் ஒரு பங்கு குழந்தைகளின் வயிற்றுக்கு, ஒரு பங்கு தலைக்கு, ஒரு பங்கு வண்டிக்கு.

*

தமிழில் வண்டிக்குப் பஞ்சமில்லை. மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது குறள். தேரின் சிறு அச்சாணியை வைத்து உருவத்தை எள்ளாதே என்று சொல்வதும் குறள்தான். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவை, உப்பு விற்கும் உமணர்கள் மேடு பள்ளத்தை நினைத்து வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போவதைச் சொல்லி, தன் தலைவனை அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார். தாத்தா உப்பு ஏற்றிவந்த வண்டியின் அடியில் மூங்கில் குழாய் தொங்கியது எனக்கு இந்தப் பாட்டோடு சேர்ந்துதான் ஞாபகம் வரும்.

அச்சு, அச்சாணி, மாற்று அச்சு எல்லாம் நம் நினைவில் நிற்கின்றன. மை நிற்கவில்லை. அச்சு முறிந்தால் அது சம்பவம். மை ஒழுங்காக இருந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலையை யார் பாடுவார்கள்? சர்வர் ஒரு வருடம் விழாமல் ஓடினால் அதைப் பார்த்துக்கொள்பவரின் பெயர் எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. விழுந்த அன்றைக்குத் தெரியும்.

வரலாற்றில் மை தடவிய கையின் சுவடு எங்காவது கிடைத்தால், அது அச்சில் ஒட்டியிருந்ததால் கிடைத்ததாக இருக்கும். எகிப்தில் யுயா, துயா தம்பதியின் கல்லறையில் கிடைத்த தேர் கிமு 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் அச்சில் விலங்குக் கொழுப்பின் எச்சம் இருந்தது, கூடவே சுண்ணாம்பும். கொழுப்போடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன். என் மூன்று தவறுகளில் முதலாவது அதில்தான் இருக்கிறது.

*

விளக்கெண்ணெய் என்ற பெயரிலேயே அதன் பழைய உத்தியோகம் இருக்கிறது: விளக்குக்கு எண்ணெய். மண்ணெண்ணெய் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே விளக்கெண்ணெய்க்கு இன்னொரு பெரிய உத்தியோகம் கிடைத்திருந்தது.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை திறந்தது. கோவில்பட்டி அந்தப் பாதையில் வந்தது, பசுவந்தனை வரவில்லை. ஊரிலிருந்து ஸ்டேஷன் வரை வண்டி மை, ஸ்டேஷனிலிருந்து துறைமுகம் வரை ரயில். அந்தக் காலத்து இந்திய ரயில்வேயும் ஆமணக்கெண்ணெயை நம்பித்தான் ஓடியது. இன்ஜினுக்கும் அச்சுக்கும் மசகாக அதுவே, ஸ்டேஷன் விளக்கிலும் அதுவே.

ரயில் பெட்டியின் அச்சுப் பெட்டிக்குள்ளும் நெடுங்காலம் ரோலர் கிடையாது. அச்சின் முனை ஒரு உலோகப் படுகையில் உரசிச் சுற்றும். அதன் அடியில் எண்ணெயில் ஊறிய கழிவு நூலைத் திணித்து வைப்பார்கள். நூல் எண்ணெயை உறிஞ்சி அச்சில் தடவிக்கொண்டே இருக்கும். எண்ணெய் வற்றினால் அச்சு பழுக்கக் காய்ந்து புகையும். ரயில்வேயில் இன்றும் ‘ஹாட் ஆக்சில்’ என்றால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். பஞ்சு நூலும் ஆமணக்கெண்ணெயும்: கரிசல் காட்டின் நடுவிலும் ஓரத்திலும் நின்ற இரண்டு செடிகள் அச்சுப் பெட்டிக்குள் சேர்ந்திருந்தன.

அப்புறம் ஆமணக்கு வானத்துக்கும் போனது. சார்லஸ் வேக்ஃபீல்டு 1899இல் லண்டனில் தொடங்கிய எண்ணெய் கம்பெனி, 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த புது மசகெண்ணெய்க்கு வைத்த பெயர் காஸ்ட்ரால். ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர்’ அதற்குள் ஒளிந்திருக்கிறது. முதல் உலகப்போர் விமானங்களின் சுழலும் இன்ஜின்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள், ஏனென்றால் அது பெட்ரோலில் எளிதில் கரையாது. அதன் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கலக்கியது என்று ஒரு கதை உண்டு. சனிக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றப்பட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கதையை நம்புவதில் சிரமமே இல்லை.

*

இனி சுண்ணாம்பு.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் இல்லை. அது ஒரு பஞ்சு. பஞ்சுக்குள் எண்ணெய் ஊறியிருக்கிறது. டப்பாவில் பெரும்பங்கு சாதாரண எண்ணெய்தான். மீதி, அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் சோப்பு. ஆமாம், சோப்பு. கொழுப்போடு காரத்தைச் சேர்த்தால் சோப்பு. எந்தக் காரம் என்பதைப் பொறுத்து கிரீஸின் குணம் மாறும்.

19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் செய்து விற்ற அச்சு கிரீஸ்களில் முக்கியமானது சுண்ணாம்பு சோப்பு. மலிவு, தண்ணீருக்கு அசையாது. ஆனால் அந்தப் பழைய வகைச் சுண்ணாம்பு கிரீஸின் கட்டமைப்பைப் பிடித்து வைத்திருப்பதே அதற்குள் இருக்கும் சிறு பங்கு நீர்தான். சூடு ஏறி 100 டிகிரியை நெருங்கும்போது அந்த நீர் வெளியேறும். சோப்பு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். மாட்டு வண்டிக்கு இது பிரச்சினையே இல்லை. மாடு நடக்கிற வேகத்தில் எந்த அச்சு 100 டிகிரிக்குப் போகும்? பிரேக் டிரம்முக்குள் இருக்கிற பேரிங்குக்கு அதுதான் பிரச்சினை. பிரேக் என்பதே ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற கருவி. அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் ஹப்புக்கு வந்தே தீரும். நான் 2014இல் வைத்தது மாட்டு வண்டி வேகத்துக்கான கிரீஸ்.

சுண்ணாம்புக்கு மாற்றாக சோடாக் காரத்தில் செய்த கிரீஸ் வந்தது. அது சூட்டைத் தாங்கியது, ஆனால் துணி சோப்பு மாதிரி தண்ணீரில் கரைந்தது. ஒன்று தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. இன்னொன்று சூட்டைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. கார்கள் பெருகியபோது உலகத்து மெக்கானிக்குகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒரே வண்டிக்குச் சேசிஸுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என்று தனித்தனி டப்பா வைத்திருந்தார்கள்.

1942இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் லித்தியம் சோப்பு கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். போர்க்காலம். உயரத்தின் குளிரில் இறுகாத, இன்ஜின் அருகில் உருகாத, மழையில் கரையாத கிரீஸ் விமானங்களுக்குத் தேவைப்பட்டது. லித்தியம் மூன்றையும் ஓரளவு செய்தது. சாதாரண லித்தியம் கிரீஸ் ஏறக்குறைய 190 டிகிரி வரை உருகாமல் நிற்கும். பிற்பாடு வந்த லித்தியம் காம்ப்ளெக்ஸ் 250ஐத் தாண்டும். இன்று ‘மல்டி பர்ப்பஸ்’ என்று கடையில் விற்கிற டப்பாக்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான்.

லித்தியம் என்பது காரத்தின் பெயர். சோப்புக்குக் கொழுப்பும் வேண்டுமே, அது எது என்று ஒரு நாள் இரவு ஆபீஸ் வேலைக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தேன். டுவெல்வ் ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம் என்று பதில் வந்தது. அதை எதிலிருந்து செய்கிறார்கள் என்று பார்த்தேன்.

ஆமணக்கிலிருந்து.

ஆமணக்கெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் ரிசினோலிக் அமிலம். 18 கார்பன் நீளச் சங்கிலி, அதன் 12ஆம் கார்பனில் ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கொக்கி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். சாதாரணமாகச் சமையலுக்குப் புழங்குகிற எந்த எண்ணெயிலும் இந்தக் கொக்கி கிடையாது. இந்த எண்ணெயோடு ஹைட்ரஜன் சேர்த்தால் மெழுகாக இறுகும். அதிலிருந்து எடுத்த அமிலத்தை லித்தியத்தோடு சேர்த்தால் சோப்பு. கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அந்தச் சோப்பு நீளநீளமான இழைகளாக வளரும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களைப் பாருங்கள், முறுக்கிய நூல் மாதிரி இருக்கும். அந்த நூல் சிக்கலுக்குள்தான் எண்ணெய் தங்கியிருக்கிறது, ரயில் அச்சுப் பெட்டியில் கழிவு நூலுக்குள் தங்கியிருந்ததைப் போல.

உலகத்தின் ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில்தான் விளைகிறது, அதிலும் குஜராத்தில். தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் போடுகிறார்கள். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் கரிசலில் ஓரத்து ஆமணக்கு மறைந்து மக்காச்சோளம் வந்துவிட்டது. ஆனால் முற்றத்தில் அப்பா கண்ணாடி போட்டுப் படித்த டப்பாவுக்குள் ஏதோ ஒரு காட்டின் ஆமணக்கு இருந்தது. ஆச்சியின் பானையிலிருந்து அது ரொம்ப தூரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

*

பேரிங்கின் கதையும் வண்டியிலிருந்துதான் தொடங்குகிறது. ஜீப்பின் முன் சக்கரத்தில் இருப்பது கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங். இதற்கு 1898இல் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குதிரை வண்டி செய்தவர். வண்டி பள்ளத்தில் சாயும்போதும் திரும்பும்போதும் சக்கரத்தின்மேல் பக்கவாட்டில் ஒரு தள்ளு விழும். நேர் உருளை அதைத் தாங்காது, கூம்பு உருளை தாங்கும். கார்கள் பிற்பாடுதான் அதை எடுத்துக்கொண்டன.

நம் மாட்டு வண்டிக்கு அது வந்துசேர நாளானது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசுவாமி, 1970களில் மாட்டு வண்டியைப் பற்றித் தீவிரமாகப் பேச ஆரம்பித்தார். மேலாண்மை படிப்புச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு மாட்டு வண்டியா என்று சிரித்தவர்கள் உண்டு. நாட்டின் விலங்குகள் தரும் சக்தி, மின் நிலையங்களின் திறனோடு ஒப்பிடத் தக்கது என்பது அவர் வாதம். கரடான அச்சு, இரும்புப் பட்டைச் சக்கரம், கழுத்தை அறுக்கும் நுகம் ஆகியவற்றால் அந்தச் சக்தி வீணாகிறது, மாடு வதைபடுகிறது என்றார். உரசலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று அவர் கேட்டதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். மை வற்றினால் முதலில் தெரிவது வண்டிக்காரனுக்கு இல்லை, மாட்டுக்கு.

தாத்தா கடைசிக் காலத்தில் டயர் வண்டிக்கு மாறினார். குடத்துக்குப் பதில் ஹப், உள்ளே பேரிங். மூங்கில் குழாய் மாட்டுக் கொட்டகையின் எரவாணத்தில் சொருகப்பட்டது. அந்த வண்டியின் தேய்ந்த பேரிங்குகளை வைத்து அப்பா செய்துகொடுத்த மூன்று சக்கர பேரிங் வண்டியில்தான் நான் தெருவை ஆண்டேன்.

*

சரி, வேலைக்கு வருகிறேன்.

நட்டின் குறுக்கே இருக்கிற காட்டர் பின்னை உருவினேன். கடையாணியின் பேரன். நட்டைக் கழற்றி, வெளிப் பேரிங்கை எடுத்து, டிரம்மை நேராக இழுத்தேன். பின்பக்க ஆயில் சீலைப் பெயர்த்து உள் பேரிங்கை எடுத்தேன். பழைய கிரீஸ் முழுவதையும் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மண்ணெண்ணெயில் இரண்டு முறை அலசிக் காயவைத்தேன். புது கிரீஸ் பழையதோடு சேரக் கூடாது. வெவ்வேறு சோப்புகள் கலந்தால் இரண்டும் இளகி ஓடலாம். கிரீஸின் நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் சாயம்தான்.

காய்ந்த உருளைகளை வெயிலில் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்டது என்று அர்த்தம். அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டும் இல்லை.

டப்பாவில் ஏபி 3 என்று எழுதியிருந்தது. லித்தியம் சோப்பு. 3 என்பது கெட்டித்தன்மை. அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய கிரீஸ் நிறுவனமான என்எல்ஜிஐ வகுத்த எண் அது. 25 டிகிரியில் கிரீஸை 60 முறை இடித்து, ஒரு கூம்பை அதில் 5 நொடி இறங்கவிட்டு ஆழத்தை அளப்பார்கள். 265இலிருந்து 295 வரை, அதாவது இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இறங்கினால் எண் 2. 220இலிருந்து 250 வரை என்றால் எண் 3. 000 என்றால் ஊற்றலாம், 6 என்றால் கட்டி. கோடைக்குக் கெட்டியாகவும் குளிருக்கு இளக்கமாகவும் மை குழைத்த தாத்தாவுக்கு அந்தக் கூம்பு ஆள்காட்டி விரல்தான். எங்களுடையது டிரம் பிரேக், சாதாரண லித்தியம் போதும். டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் லித்தியம் காம்ப்ளெக்ஸ்தான் வாங்கியிருப்பேன்.

இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸ். பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதன் விளிம்பில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும், உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் புழு மாதிரி பிதுங்கி வரும்வரை. பிறகு கொஞ்சம் திருப்பி, மறுபடியும். மேலே பூசினால் வேலைக்கு ஆகாது. ஹப்பின் உள்ளே மூன்றில் ஒரு பங்குதான் வைத்தேன். மீதி இடம் காலி. நிறைத்தால் கிரீஸ் தன்னைத்தானே கடைந்து சூடாகும், போக இடமில்லாமல் சீலைத் தள்ளும். புது சீல் போட்டேன். ஷூவில் ஒரு சொட்டும் படாமல் டிரம்மை ஏற்றினேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் உட்கார்ந்ததும் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் முடுக்கி, புது காட்டர் பின்னைச் சொருகினேன். கூம்பு உருளைகளுக்கு மயிரிழை இடைவெளி வேண்டும். சூட்டில் உலோகம் விரியும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

அப்பா எழுந்து வந்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெங்களூரில் என்னிடம் இருக்கும் காரில் இதெல்லாம் கிடையாது. சக்கரத்துப் பேரிங் மூடி முத்திரையிட்டு வருகிறது. உள்ளே என்ன கிரீஸ் என்று நான் பார்க்க முடியாது. ஊளையிட ஆரம்பித்தால் முழுசாக மாற்ற வேண்டும். நல்ல பொருள்தான், என்னைப் போன்றவர்களின் மூன்று தவறுகளிலிருந்து வண்டியைக் காப்பாற்றுகிறது. லித்தியத்துக்கும் இப்போது வேறு கிராக்கி வந்துவிட்டது. போனும் மின்சாரக் காரும் அதைப் பேட்டரிக்குக் கேட்கின்றன. அதன் விலை ஏறியதில் கிரீஸ் கம்பெனிகள் மறுபடியும் சுண்ணாம்பின் பக்கம் திரும்பிப் பார்க்கின்றன. கால்சியம் சல்ஃபோனேட் என்று, தண்ணீரையும் சூட்டையும் தாங்குகிற புது வகை. எகிப்துத் தேரின் அச்சில் இருந்த சுண்ணாம்பு சுற்றிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் அப்பாவும் நானும் கோவில்பட்டி ரோட்டில் ஜீப்பை ஓட்டிப் பார்த்தோம். பனைமரம் வந்ததும் இருவரும் பேசவில்லை. பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தியதும் அப்பா இறங்கி, புறங்கையை ஹப்பின்மேல் வைத்தார். வலது, பிறகு இடது.

“இளஞ்சூடுதான்.”

அத்தை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“யாரு வேலை பாத்தது?”

“நாந்தான் அத்தை.”

எழுந்து வந்தாள். எழுபத்தைந்து வயது. குனிய முடியாமல் குனிந்து, அப்பா வைத்த அதே இடத்தில் புறங்கையை வைத்தாள். அவளும் வண்டிக்காரர் மகள்தானே. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

“எங்கய்யா மை போட்டா இம்புட்டு சூடுகூட இருக்காதுய்யா” என்றாள்.

பிறகு முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறலாமா என்று யோசிப்பதுபோல, அங்கேயே நின்றாள்.